பார்க்கிற கோப்பை

"அம்மா, இந்தக் கோப்பையில யாரு தண்ணி குடிப்பாங்க?"

அனு இதைக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முருகன் படத்துக்கும் மாமனார் படத்துக்கும் நடுவில் நின்ற வெள்ளிக் கோப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேவதி அரிசி களைந்துகொண்டே பதில் சொன்னாள்.

"இது குடிக்கிற கோப்பை இல்லடி. பார்க்கிற கோப்பை."

"அப்ப தாகம் எடுத்தா?"

"தாகம் எடுத்தா டம்ளர் இருக்கு."

இந்த அம்மாவிடம் இதற்குமேல் பேசிப் பயனில்லை என்று நினைத்ததோ என்னவோ, குழந்தை எழுந்து போய்விட்டது.

அனு வளர்ந்து, பாங்காக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயும் ஆயிற்று. தொலைபேசியில் பாதி பர்மியமும் பாதி தமிழுமாகப் பேசுகிறாள். கோப்பை மட்டும் இடம் மாறவில்லை. ரேவதியும் அந்தக் கேள்வியை மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள், கூட்டமைப்பின் வரலாற்றை எழுதச் சொல்லி அவளைக் கூப்பிடும் வரைக்கும்.

கூட்டமைப்பு என்றால் யாங்கோன் ஆற்றோரச் சிறு கல்லூரிகள் விளையாட்டுக் கூட்டமைப்பு. பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதே ஒரு தகுதிப் போட்டி. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்தாலும் பட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களும் கணக்கும் தையலும் கப்பல் இயந்திரமும் கற்றுக்கொள்ளும் இடங்கள் இந்தச் சிறு கல்லூரிகள். கீழே பலசரக்குக் கடை, மேலே இரண்டு அறை, வாசலில் பெரிய பலகை. பசுந்தாங்கில் ஒரு மாலை வணிகக் கல்லூரி. ரேவதி அங்கேதான் படித்தாள், இப்போது அங்கேயே கணக்கியல் சொல்லித் தருகிறாள். லான்மடாவில் ஒரு தையல் கல்லூரி, போட்டாதாங்கில் கப்பல் வேலைக்கு ஆள் பழக்கும் கல்லூரி, இன்னும் சில.

இந்தக் கல்லூரிகளை ஒன்று சேர்த்தது விளையாட்டு ஆர்வம் என்றுதான் எல்லா மேடையிலும் சொல்வார்கள். நடந்தது வேறு. வணிகக் கல்லூரி முதல்வர் ஊ பழனியப்பனிடம் ஒரு கைப்பந்து வலை இருந்தது. தையல் கல்லூரி முதல்வர் டோ சொர்ணம்மாளிடம் பந்து இருந்தது. (பெரியவர்கள் பெயருக்கு முன்னால் ஆணுக்கு ஊ, பெண்ணுக்கு டோ என்று மரியாதைக்குச் சேர்ப்பது பர்மிய வழக்கம்.) வலைக்காரர் பந்து வாங்க மாட்டேன் என்றார். பந்துக்காரி வலை வாங்க மாட்டேன் என்றார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஒரு கூட்டமைப்பு பிறக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

மைதானம் மட்டும் யாரிடமும் இல்லை. ஆகவே முதல் ஆண்டிலிருந்தே ஓட்டப் போட்டியைச் சாலையில் வைத்தார்கள். பசுந்தாங்கில் தொடங்கி, ஆற்றை ஒட்டிய ஸ்ட்ராண்ட் சாலை வழியாக, போட்டாதாங் படகுத்துறைகளைத் தாண்டி, லான்மடாவில் முடியும். சாலையில் ஓட அனுமதி கேட்டால் கிடைக்காது என்று, காலை நடைக்கு என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அதனால் போட்டியாளர்களுக்கு ஒரு சிறப்பு அறிவுரை உண்டு: அதிகாரிகள் நிற்கும் இடங்களில் நடக்க வேண்டும், தாண்டிய பிறகு ஓடலாம்.

முதல் ஆண்டு ஆண்கள் ஓட்டத்தில் வென்ற பையன், ஒரு குறுக்குத் தெருவில் நுழைந்து பக்கவண்டி வைத்த சைக்கிளில் ஏறிப் போனவன் என்று பரிசு கொடுத்த பிறகுதான் தெரிந்தது. உடனே ஒரு விதி எழுதினார்கள். ஓட்டத்தின் நடுவில் ஸ்ட்ராண்ட் சாலையை விட்டுக் கால் வெளியே வைப்பவர், எந்தக் காரணமானாலும், ஒழுங்கு மீறியவராகக் கருதி நீக்கப்படுவார். திருட்டைத் தடுக்க எழுதிய விதி அது. முதன்முதலில் அது பிடித்தது ஒரு நல்லவளை.

மறு ஆண்டு பெண்கள் ஓட்டம் பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் வந்தது. ரேவதிக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஜெயித்தே தீர வேண்டும் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் பலிக்க வேண்டும் என்று தண்ணீர்கூடப் படாத விரதம் இருந்தாள். பங்குனி வெயிலில் ஓடப் போகிறவள் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று முருகனிடம் கேட்டிருந்தால் அவரே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. போட்டாதாங் கிடங்குகள் அருகே கண் இருட்டிக்கொண்டு வந்தது. நடுச் சாலையில் விழுந்தாள்.

முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள் தையல் கல்லூரி தஸ்லீமா. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள், ஓடி வந்தாள். சாலையோரத்து மரத்தடியில் ஒரு தண்ணீர்ப் பானை மாடம் இருந்தது. இந்த ஊரில் தெருவுக்குத் தெரு அது உண்டு: நான்கு கால், சின்னக் கூரை, அதன் கீழே மூடி போட்ட இரண்டு மண்பானை, மொண்டு குடிக்க ஒரு தகரக் குவளை. வழியில் போகிறவர்கள் குடிக்கட்டும் என்று யாராவது புண்ணியத்துக்கு நிரப்பி வைப்பார்கள். தஸ்லீமா சாலையை விட்டு இறங்கி, குவளை நிறைய மொண்டு வந்து, ரேவதியின் முகத்தில் பாதியும் வாயில் பாதியுமாக ஊற்றினாள்.

ரேவதி கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஐயோ, நான் விரதம்டி!"

"மயக்கத்துல குடிச்சதெல்லாம் கணக்குல வராது. எங்க நோன்புலயே அதுக்கு மன்னிப்பு உண்டு. உங்க சாமி என்ன, அதைவிடக் கண்டிப்பானவரா? எந்திரி, ஓடு."

இரண்டு பேரும் ஓடினார்கள். தஸ்லீமா முதலாவதாக வந்தாள், ரேவதி இரண்டாவதாக. மூன்றாவது பெண் அதிகாரிகளைப் பார்த்து நடக்கத் தொடங்கியவள், நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். தஸ்லீமா கோட்டைத் தாண்டியதும் நடுவர் கேட்டார், "கையில என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். தகரக் குவளை. வந்த வேகத்தில் அதையும் பிடித்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள்.

சாலையை விட்டு வெளியே போனதற்கு அதுவே சாட்சியாயிற்று. தஸ்லீமா நீக்கப்பட்டாள். விழுந்து கிடந்த ரேவதியோ ஸ்ட்ராண்ட் சாலையிலேயே கிடந்திருக்கிறாள். பாதையை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. படுத்துக் கிடக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. தன் மாணவிக்காகச் சண்டை போட்டிருக்க வேண்டிய டோ சொர்ணம்மாள், தன் கல்லூரி தோற்றுப்போன கைப்பந்து இறுதி ஆட்டத்தைத் திரும்ப ஆட விடுவதாக ஊ பழனியப்பன் சொன்னதும் அமைதியாகிவிட்டார். ரேவதி வாயைத் திறப்பதற்குள் அவள் கழுத்தில் மாலை விழுந்தது, கையில் கோப்பை வந்தது. அம்மா அழுதுகொண்டே, "முருகன் கைவிடலடி" என்றாள். கைவிடவில்லைதான். அவர் அனுப்பிய ஆளைத்தான் நீக்கிவிட்டார்கள்.

அந்தக் கோப்பைதான் அலமாரியில் நிற்கிறது.

இப்போது வெள்ளி விழா. கணக்குப்படி பார்த்தால் விழாவுக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. ஆனால் அதுவரை உறுப்பினர்கள் இருப்பார்களா என்பது சந்தேகம். கப்பல் கல்லூரி மூடிவிட்டது. படிக்கிற பையன்களில் பாதிப் பேர் எல்லை தாண்டிவிட்டார்கள். போன வருடம் எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்தும் ஒரே ஒரு கால்பந்து அணிதான் தேறியது. எதிரில் ஆட ஆளில்லாததால் அதுவே சாம்பியன். ஆகவே விழாவை இந்த வருடமே வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. மலருக்கு வரலாறு எழுத ரேவதியை விட்டால் ஆளில்லை. தமிழும் பர்மியமும் பிழையில்லாமல் எழுதுகிறவள், அதோடு வென்றவள்.

எழுத உட்கார்ந்தபோது பழைய போட்டி முடிவுகளைக் கொடுத்தார்கள். அதில் அந்த ஆண்டுக்கு நேராக இருந்தது: 'பெண்கள் ஓட்டம், முதலிடம் ரேவதி. தையல் கல்லூரி மாணவி தஸ்லீமா ஒழுங்கு மீறியதால் நீக்கம்.'

ரேவதிக்கு அன்றைய பானைத் தண்ணீரின் ருசி நாக்கில் வந்தது. இந்த ஒரு வரியை மாற்ற முடியாமல் போனால் நான் இந்த வரலாற்றை எழுதி என்ன பயன் என்று நினைத்தாள்.

கூட்டம் வணிகக் கல்லூரி மாடியறையில் நடந்தது. மின்சாரம் இல்லை. ஊ பழனியப்பன் ரேவதி எழுதிய வரலாற்றையே விசிறியாக வைத்து வீசிக்கொண்டிருந்தார். டோ சொர்ணம்மாள் பர்மியத் தின்பண்டமான ஊறவைத்த தேயிலையில் வேர்க்கடலையைத் தேடித் தேடி எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். எண்பதை நெருங்கியும் இருவரும் எதிரெதிர் ஓரத்தில்தான் உட்காருவார்கள்.

"ரேவதிம்மா, தொடங்கின வருஷத்தை ஒரு வருஷம் முன்னாடி போட்டுடு," என்றார் பழனியப்பன். "இல்லாட்டி வெள்ளி விழாங்கறது பொய்யாயிடும்."

"போட்டாச்சு, சயா." ஆசிரியர்களையும் மதிப்புக்குரியவர்களையும் ஆணானால் சயா, பெண்ணானால் சயாமா என்று அழைப்பது இங்கே வழக்கம்.

"உறுப்புக் கல்லூரிங்க எத்தனைன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டார் சொர்ணம்மாள்.

"அஞ்சு."

"பதினொண்ணுன்னு போடும்மா. கூட்டத்துக்கு வந்து டீ குடிச்சவங்களை எல்லாம் விட்டுட்டியே."

"அப்புறம் வலையைப் பத்தி ஒரு தனிப் பத்தி வேணும்," என்றார் பழனியப்பன்.

"பந்தைப் பத்தி எழுதாம வலையைப் பத்தி மட்டும் எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பந்தா அது? காத்து நிக்காது. ஒவ்வொரு செட்டுக்கும் ஊதணும்."

"உங்க வலையில மீனே தப்பிச்சுப் போகும். பந்து போகாதா?"

ரேவதி இரண்டு பத்திகளும் எழுதுவதாக ஒப்புக்கொண்டாள். அவர்கள் கொஞ்சம் குளிர்ந்ததும் மெதுவாகச் சொன்னாள், "சயா, எனக்கும் ஒரு வரி மாத்தணும். தஸ்லீமா ஒழுங்கு மீறலை. எனக்குத் தண்ணி கொடுக்கத்தான் சாலையை விட்டு இறங்கினா. அதை அப்படியே எழுதிடுறேன்."

வீசிக்கொண்டிருந்த தாள் நின்றது.

"அது எப்படிம்மா? வரலாறுன்னா உண்மை. அதுல நாம கை வைக்கக் கூடாது," என்றார் ஊ பழனியப்பன். முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் கூடவில்லை. நல்ல மனிதர். தான் சொல்வதை மனதார நம்பித்தான் சொன்னார்.

"அந்த வரியை எடுத்தா அந்தக் கைப்பந்து ஆட்டத்தையும் இல்ல எடுக்கணும்?" என்றார் சொர்ணம்மாள். "திரும்ப ஆடி நாங்க ஜெயிச்சது அது ஒண்ணுதான்."

வாழ்நாளில் முதன்முறையாக வலையும் பந்தும் ஒரே பக்கம் நின்றன. அதைப் பார்த்து ரேவதிக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"இன்னொண்ணு, உன் கோப்பையைத் துடைச்சு எடுத்துட்டு வா," என்றார் பழனியப்பன். "மேடையில வைக்கணும். மத்தவங்களோடது எல்லாம் எங்கே போச்சுன்னே தெரியலை."

ஞாயிற்றுக்கிழமை ரேவதி லான்மடாவுக்குப் பேருந்து ஏறினாள். வரியை மாற்ற முடியவில்லை என்று நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். விசாரித்துக்கொண்டே போனதில் சந்தைக்குப் பின்னால் பித்தானும் ஜிப்பும் லேஸும் விற்கும் சின்னக் கடை கிடைத்தது. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்த பூச்சும் தலையில் முக்காடுமாக உள்ளே உட்கார்ந்திருந்த தடித்த பெண்மணி, ஒரு பர்மியப் பெண்ணோடு பித்தான் நிறத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தாள். வாதத்தில் ஜெயித்து முடித்ததும் நிமிர்ந்தாள்.

"என்ன வேணும் சயாமா?"

"என்னைத் தெரியலையா? ரேவதி. பசுந்தாங் ரேவதி."

தஸ்லீமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு கடையே அதிரச் சிரித்தாள். "விரதக்காரி! அடிப் பாவி, நீ இன்னும் உசுரோடவா இருக்கே? உள்ள வா. முதல்ல தண்ணி குடி. இன்னிக்கு விரதம் ஒண்ணும் இல்லையே?"

ரேவதி குடித்தாள். பிறகு கூட்டத்தில் நடந்ததை எல்லாம் சொன்னாள். தான் கேட்டதையும், அவர்கள் மறுத்ததையும், மலரில் அந்த வரி அப்படியே வரப்போவதையும்.

"வரட்டுமே," என்றாள் தஸ்லீமா.

"உனக்குக் கோவம் வரலையா?"

"எதுக்குடி? நான் ஓடப் போனதே எங்க அத்தாவுக்குத் தெரியாது. ஜெயிச்சு கோப்பையோட வீட்டுக்குப் போயிருந்தா அன்னிக்கே காலை ஒடிச்சிருப்பாரு. நீக்கினாங்களோ இல்லையோ, தப்பிச்சேன்." அவள் ஒரு ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "அதோட என் பேரு அச்சுல வர்றது இதுதான் முதல் தடவை. ஒழுங்கு மீறினவன்னு போட்டிருக்கா? எனக்கு ரெண்டு பிரதி கொடு. ஒண்ணை மருமகனுக்கு அனுப்பணும். கொஞ்சம் பயம் இருக்கட்டும்."

"விளையாடாதே தஸ்லீமா. அந்தக் கோப்பை உன்னோடது. நான் உனக்குக் கடன்பட்டிருக்கேன். எடுத்துட்டு வந்து கொடுத்துடுறேன்."

"எனக்கா? இங்கே எங்கே வைக்க? பித்தான் போட்டு வைக்கவா?" தஸ்லீமாவின் சிரிப்பு சற்று இறங்கியது. "நான் என்னத்தைக் கொடுத்தேன்? தண்ணி என்னோடதா? பானை என்னோடதா? யாரோ செத்துப்போன பிள்ளை பேருல வச்ச மாடம் அது. பேரு எழுதியிருந்துச்சு. நான் மொண்டு ஊத்தினேன், அவ்வளவுதான். சொல்லப்போனா நான்தான் கடன்காரி. அந்தக் குவளையைத் திருப்பி வைக்கவே இல்லை. சாட்சின்னு சொல்லி உங்க ஆளுங்க புடுங்கிக்கிட்டாங்க. மறுநாள் திரும்பக் கேட்டேன், போட்டி சம்பந்தப்பட்ட பொருளைக் கொடுக்க முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் கல்யாணம், பிள்ளைங்க, கடை. அந்தப் பக்கம் போகவே இல்லை. அல்லா கேட்டா என்ன சொல்லப் போறேனோ. குவளை இல்லாம அந்தப் பானைக்கிட்ட எத்தனை பேரு நின்னுட்டுப் போனாங்களோ."

அதற்குள் யாரோ லேஸ் கேட்டு வந்தார்கள். தஸ்லீமா மறுபடி வாதத்தில் இறங்கினாள்.

வெள்ளி விழா நன்றாகவே நடந்தது. மின்சாரம் இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பி வந்தது. அதையே பெரிய வெற்றியாகச் சொன்னார்கள். பதினொரு உறுப்புக் கல்லூரிகளையும் மேடையிலிருந்து வரவேற்றார்கள். வந்திருந்த மூன்று கல்லூரிக்காரர்கள் பதினொன்றுக்குமாகச் சேர்த்துக் கை தட்டினார்கள். ரேவதியின் கோப்பை மேசையில் பிளாஸ்டிக் ரோஜாக்களுக்கு நடுவில் இருந்தது. கூட்டமைப்பின் நேர்மைக்கு இந்தக் கோப்பையே அடையாளம் என்று ஊ பழனியப்பன் பேசினார். மலரில் வலைக்கும் பந்துக்கும் தனித்தனிப் பத்திகள் வந்திருந்தன. தஸ்லீமாவின் வரியும் வந்திருந்தது. ரேவதி பேராசையில்லாமல் இரண்டே பிரதிகள் கேட்டு வாங்கிப் பையில் வைத்தாள். ஊ பழனியப்பன் படியிறங்கத் தடுமாறியபோது டோ சொர்ணம்மாள் யாரும் சொல்லாமலே அவர் கையைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்தாள். அதை எந்த மலரிலும் போடப்போவதில்லை.

மறுநாள் காலை அனு வீடியோவில் கூப்பிட்டபோது ரேவதி கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா அதைப் போய்த் தேய்க்கிறே? விழாதான் முடிஞ்சுதே."

"இனிமேதான் அதுக்கு வேலை."

"வெள்ளி உரிஞ்சிடப் போகுது."

"உரிஞ்சிடுச்சு," என்றாள் ரேவதி. வெள்ளி என்று அவர்கள் சொன்னது பூச்சுதான். கீழே நல்ல கனமான பித்தளை இருந்தது. புளி பட்டதும் அது பளிச்சென்று வந்தது.

அதற்கு அடுத்த நாள் பொழுது நன்றாக விடிவதற்கு முன்பே போட்டாதாங்கில் இறங்கினாள். கிடங்குகளின் கதவு இன்னும் திறக்கவில்லை. அக்கரைப் படகு ஆற்றின் நடுவில் வந்துகொண்டிருந்தது. மாடம் அதே மரத்தடியில் இருந்தது. கால்களைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். பிள்ளையின் பெயரை மறுபடி வண்ணம் தீட்டி எழுதியிருந்தார்கள். இத்தனை வருடமும் யாரோ விடாமல் நிரப்பி வந்திருக்கிறார்கள். குவளைக்குப் பதிலாக, பாதியில் வெட்டிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று கயிற்றில் தொங்கியது. அதன் விளிம்பு வாயைக் கிழிக்கும்போல் இருந்தது.

ரேவதி போத்தலை அவிழ்த்தாள். கோப்பையின் கைப்பிடியில், கொண்டுவந்திருந்த சங்கிலியைக் கோத்து மாடத்தின் காலில் கட்டினாள். முதலிடம் என்று எழுத்து வெட்டியிருந்த பக்கத்தை உட்புறமாகத் திருப்பினாள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீர் மொண்டு, நின்றுகொண்டே குடித்தாள். மண் வாசனை அன்றைக்குப் போலவே இருந்தது.

குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி, பானை மூடியின் மேல் கவிழ்த்து வைத்தாள். படகு துறையை நெருங்கிவிட்டது. சுமையும் கூடையுமாக ஆட்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. முதலில் யார் வந்து குடிப்பார்கள் என்று பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. படகு கரையைத் தொடுவதற்குள் அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.